பக்கத்து ஊரின் சமயத்தை எந்தப் பாடவேளையில் படிப்பிப்பது?

இலங்கையில் ஒரு பிள்ளை முதலாம் தரத்தில் சேர்ந்து ஓ.எல் எழுதி முடிக்கும்வரை 11 வருடம் சமயம் படிக்கிறது. விருப்பப் பாடம் அல்ல. தாய்மொழி, கணிதம், விஞ்ஞானம், வரலாறு, ஆங்கிலம் ஆகியவற்றோடு கட்டாயப் பாடமாக அதுவும் நிற்கிறது. பாடநூலை அரசாங்கமே இலவசமாகத் தருகிறது. பௌத்தம், சைவநெறி, இஸ்லாம், கத்தோலிக்கம், கிறிஸ்தவம் என்று ஐந்து புத்தகம் அச்சாகின்றன. ஐந்தில் ஒன்றுதான் ஒரு பிள்ளையின் கைக்கு வரும். மற்ற நான்கும் எந்த நிறம் என்றுகூட அதற்குத் தெரியாது.

கடலுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் கதை வேறு. அங்கே அரசுப் பள்ளியில் சமயப் பாடமே கிடையாது. முழுக்க அரச பணத்தில் நடக்கும் நிறுவனத்தில் சமயப் போதனை கூடாது என்று இந்திய அரசியலமைப்பின் 28ஆம் உறுப்புரை சொல்கிறது. அங்கே ஒன்றுமில்லை, இங்கே ஒன்று மட்டும். இரண்டு கரையிலும் ஒரு பிள்ளை பக்கத்து வீட்டுக்காரனின் சமயத்தைப் பாடசாலையில் முறையாகப் படிப்பதில்லை என்பது மட்டும் பொது.

கொழும்பில் இருப்பவர்களுக்கு இது ஒரு கருத்தரங்குத் தலைப்பு. எங்களுக்கு அப்படியல்ல. மட்டக்களப்பில் இருந்து அக்கரைப்பற்று போகும் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர். தமிழூர், முஸ்லிமூர், தமிழூர், கலப்பு, பிறகு மூன்று முஸ்லிமூர், ஒரு தமிழூர், திரும்பவும் முஸ்லிமூர். இத்தனையும் கடந்துபோக ஒரு மணித்தியாலம் தேவையில்லை. பள்ளிவாசலின் மினாராவும் கோயில் கோபுரமும் மாறி மாறி வரும், கல்முனைச் சந்தியை அண்டி விகாரையும் மெதடிஸ்த தேவாலயமும் வரும். உலகத்தின் பெரிய சமயங்களில் நாலு ஒரே பஸ் ரூட்டில் கிடக்கின்றன. அந்த பஸ்ஸில் போய் வரும் பிள்ளைகளுக்கு அவற்றில் மூன்றைப் பற்றி ஒன்றும் தெரியாது.

நான் முஸ்லிம் பாடசாலை ஒன்றில் வரலாறு படிப்பிக்கிறவன். இஸ்லாம் பாட ஆசிரியருக்கு வராத கேள்விகள் எனக்குத்தான் வரும். போர்த்துக்கேயர் காலம் முடிந்து ஒல்லாந்தர் காலம் தொடங்கும் பாடத்தில் ஒவ்வொரு வருடமும் எவனாவது ஒருத்தன் எழும்புவான்.

"சேர், போர்த்துக்கேயரும் வேதக்காரர், ஒல்லாந்தரும் வேதக்காரர். பிறகு ஏன் சேர் ஒல்லாந்தர் வந்து கத்தோலிக்கக் கோயிலப் பூட்டின?"

நல்ல கேள்வி. கத்தோலிக்கம், புரட்டஸ்தாந்தம் என்ற பிரிவு விளங்காமல் இலங்கையின் 17ஆம் நூற்றாண்டு விளங்காது. ஆனால் பாடநூலில் அதற்கு இருப்பது ஒன்றிரண்டு வரி. மார்ட்டின் லூதர் யார், பாப்பரசர் யார் என்று நான் கரும்பலகையில் கோடு போட்டு விளங்கப்படுத்தத் தொடங்கினால் மணி அடித்துவிடும். மகிந்த தேரர் மிகிந்தலைக்கு வந்த கதையும் அப்படித்தான். அவர் வந்தது பாடம், தேவநம்பிய தீசன் ஏற்றுக்கொண்டது பாடம், எதை ஏற்றுக்கொண்டான் என்பது பாடமல்ல. வெசாக் என்றால் வெளிச்சக்கூடும் இலவசச் சாப்பாட்டுத் தன்சலும்தான் எங்கள் பிள்ளைகளுக்கு. புத்தர் பிறந்தது, ஞானம் பெற்றது, இறந்தது மூன்றையும் நினைக்கும் நாள் அது என்பதைச் சொன்னால், "மூண்டும் ஒரே நாளா சேர்?" என்று ஆச்சரியப்படுகிறார்கள்.

தமிழ்ப் பக்கத்திலும் நிலைமை மேலாக இல்லை. பாண்டிருப்புப் பக்கம் டியூஷன் வகுப்பொன்றில் கொஞ்சக் காலம் படிப்பித்தேன். அங்கே ஒரு பெட்டையின் கேள்வி: "சேர், மக்காவில நீங்க அந்தக் கறுப்புக் கல்லைத்தானே கும்பிடுறீங்க?" எங்கள் பொடியன்கள் கோயிலைப் பார்த்துக் கேட்கும் அதே கேள்வி, திசை மட்டும் மாறி வந்தது. அவளுக்கு ஷீஆவும் ஸுன்னியும் ஒன்று, தப்லீக்கும் தௌஹீதும் ஒன்று, ஹஜ்ஜுப் பெருநாளும் நோன்புப் பெருநாளும் ஒன்று. எங்கள் பிள்ளைகளுக்கு சைவமும் வைணவமும் ஒன்று, மெதடிஸ்தமும் பெந்தகோஸ்தும் ஒன்று. ஒரே தமிழில் பேசி, ஒரே சந்தையில் மீன் வாங்கி, ஒரே ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளைகள்.

*

சொந்தச் சமயத்தை மட்டும் படிக்கும் இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பிரித்து வைக்க வேண்டும் என்று யாரோ சதி செய்து கொண்டுவந்ததல்ல இது. ஒரு காலத்தில் இதற்காகப் போராடினார்கள்.

வெள்ளைக்காரன் காலத்தில் ஆங்கிலக் கல்வி பெரும்பாலும் மிஷன் பாடசாலையில். படிக்கப் போன பிள்ளை பைபிளும் படித்தது. சிலர் படித்துவிட்டுத் தங்கள் சமயத்திலேயே நின்றார்கள், சிலர் மாறினார்கள். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியது இதற்கு எதிராக. கண்டியில் பிறந்த சித்திலெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகை தொடங்கி, முஸ்லிம் பிள்ளைகள் ஈமானை இழக்காமல் நவீன கல்வி படிக்க வேண்டும் என்று எழுதி எழுதியே ஓய்ந்தார். கொழும்பு ஸாஹிறாக் கல்லூரி அந்த முயற்சியின் தொடர்ச்சி. பெற்றோரின் சமயத்தைத்தான் பிள்ளைக்குப் படிப்பிக்க வேண்டும் என்ற நிலைப்பாடு 1939ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டத்தோடு உறுதியானது. கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இல் வந்தது. 1960, 61இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பெடுத்தது. அப்போது கல்வி அமைச்சராக இருந்தவர் பதியுத்தீன் மஹ்மூத். 1970இல் திரும்பவும் அவரே கல்வி அமைச்சர். முஸ்லிம் பாடசாலை என்ற தனிப் பிரிவு வலுப்பட்டதும், ஆயிரக்கணக்கான முஸ்லிம் பெண்பிள்ளைகள் பாடசாலை வாசலை மிதித்ததும் அவர் காலத்துப் பலன்கள். கல்முனையில் மஹ்மூத் மகளிர் கல்லூரி அவர் பெயரில் நிற்கிறது. என் உம்மா காலத்தில் பெண்பிள்ளைகள் ஐந்தாம் வகுப்போடு நின்ற ஊரில் இன்றைக்கு வீட்டுக்கொரு டீச்சர் இருக்கிறார் என்றால், அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் மழைக்குப் போட்ட கூரை, மழை விட்ட பிறகு வெயிலையும் மறைக்கும். இன்றைக்கு எந்தப் பாதிரியாரும் எங்கள் பிள்ளையை வகுப்பறையில் வைத்து மாற்றப்போவதில்லை. மாறாக, பாடசாலை முழுக்க ஒரே சமயம். ரமழான் மாதம் எங்கள் பாடசாலைகளுக்கு லீவு, அடுத்த ஊர்ப் பாடசாலை நடக்கும். தவணை தொடங்கும் நாள் வேறு, முடியும் நாள் வேறு. கல்முனைக் கல்வி வலயத்துக்குள்ளேயே முஸ்லிம் கோட்டம், தமிழ்க் கோட்டம் என்று பெயர்ப்பலகை போட்டு இரண்டு அலுவலகம். விளையாட்டுப் போட்டியில் வலய மட்டத்துக்கு வரும்போதுதான் இரண்டு பக்கப் பிள்ளைகளும் சந்திக்கிறார்கள், அதுவும் எதிரணியாக.

கலப்புப் பாடசாலையில் சமயப் பாடவேளை நடக்கும் விதத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மணி அடித்தவுடன் வகுப்பு கலையும். பெரும்பான்மைச் சமயம் வகுப்பறையில் இருக்கும். நாலைந்து பேர் இருக்கும் சமயம் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே வேப்பமரத்தடிக்கோ நூலகத்துக்கோ போகும். ஆசிரியர் இல்லாவிட்டால் அந்த நாலைந்து பேரும் பாடவேளை முழுக்கச் சும்மா இருப்பார்கள். ஒரு சமயத்தைப் பற்றி மற்றச் சமயத்துப் பிள்ளை பாடசாலையில் படிக்கும் ஒரே விஷயம் இதுதான்: அந்தப் பாடம் தொடங்கினால் நான் எழும்பிப் போக வேண்டும்.

*

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்களுக்குப் பிறகு இந்தப் பேச்சு வேறு விதமாகத் திரும்பியது. எங்களுக்கு அது தொலைக்காட்சியில் பார்த்த செய்தி மட்டுமல்ல. ஐந்து நாள் கழித்து, 26ஆம் திகதி இரவு, சாய்ந்தமருது வொலிவேரியன் கிராமத்தில் அந்தத் தாக்குதலை நடத்திய கூட்டத்தின் குடும்பத்தார் ஒளிந்திருந்த வீட்டில் குண்டு வெடித்தது. ஆறு சிறு பிள்ளைகள் உட்பட 15 பேர் இறந்தார்கள். சந்தேகப்பட்டு முதலில் தகவல் கொடுத்தவர்கள் ஊர்ச்சனமும் பள்ளிவாசல் ஆட்களும்தான். அதைச் சொல்லிச் சொல்லி எங்களுக்கு நாக்கு வறண்டது. கேட்டவர்கள் கொஞ்சப் பேர்.

அதன் பிறகு ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். இன, சமய அடிப்படையில் பாடசாலை இருப்பதையே நிறுத்த வேண்டும் என்ற யோசனை பாராளுமன்றக் குழுவரை போனது. 2021இல் தரம் 6, 7, 10, 11 இஸ்லாம் பாடநூல்களைத் திருத்த வேண்டும் என்று பாடசாலைகளில் இருந்து திரும்பப் பெற்றார்கள். சமயப் பாடத்தைத் தூக்கிவிட்டு 'ஒழுக்கம்' என்று பொதுவாக ஒரு பாடம் வைத்தால் என்ன என்று கேட்டவர்களும் உண்டு.

என் அபிப்பிராயம், இந்த வைத்தியங்கள் எல்லாம் நோயைப் பார்க்காமல் எழுதியவை. பாடநூலில் எந்த வரி பிழை என்று பார்ப்பது தேவைதான், எந்தச் சமயப் பாடநூலுக்கும் தேவை. ஆனால் ஒரு சமூகத்தின் புத்தகத்தை மட்டும் எடுத்துச் சந்தேகக் கண்ணாடியால் பார்த்தால், அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கும் பாடம் வேறு. தவிர, ஓ.எல் இஸ்லாம் பாடநூலைப் படித்ததால் யாரும் குண்டு வைக்கப் போனார்கள் என்று நான் நம்பவில்லை. சொந்தச் சமயத்தைப் பாடசாலையில் இருந்து எடுத்துவிட்டால் அதைப் படிப்பிக்கும் வேலை முழுக்க யூடியூப் கையில் போய்ச்சேரும். பல வருடம் சமய நூல் படித்த மௌலவி ஒருவர் அரச சம்பளத்தில், அரச பாடத்திட்டத்தில், கதவு திறந்த வகுப்பறையில் படிப்பிப்பதுதான் பாதுகாப்பு.

ஆகவே நான் சொல்வது சொந்தச் சமயத்தைக் குறைப்பது பற்றியல்ல. அது இருக்கட்டும். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று வேண்டும்.

*

மற்றச் சமயங்களையும் பாடசாலையில் படிப்பிக்கும் மாற்றம் இங்கிலாந்தில் எப்படி வந்தது என்று வாசித்தபோது நம் நாட்டின் பெயர் எதிர்ப்பட்டது. அங்கே 1944ஆம் ஆண்டுச் சட்டப்படி பாடசாலையில் சமயப் போதனை கட்டாயம், நடைமுறையில் அது கிறிஸ்தவப் போதனை. 1960களில் நினியன் ஸ்மார்ட் என்ற அறிஞர் சமயங்களைப் 'போதிப்பது' வேறு, சமயங்களைப் 'பற்றிப் படிப்பது' வேறு என்று வாதாடினார். 1967இல் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் சமயக் கற்கைத் துறையைத் தொடங்கியவர் அவர். இளம் வயதில் பிரிட்டிஷ் இராணுவத்தின் புலனாய்வுப் பிரிவில் இருந்தபோது அவரை இலங்கைக்கு அனுப்பியிருந்தார்கள். பௌத்தத்தை அவர் நெருங்கிப் பார்த்தது இங்கேதான். 1975இல் பர்மிங்ஹாம் நகரம் பல சமயங்களையும் சேர்த்துப் பாடத்திட்டம் போட்டது, பெரிய சண்டையும் வந்தது. 1988 சட்டத்தில், நாட்டில் உள்ள மற்ற முக்கிய சமயங்களையும் பாடத்திட்டம் கணக்கில் எடுக்க வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். இலங்கையில் பௌத்தத்தைப் பார்த்த ஒருவரின் யோசனை இங்கிலாந்துப் பிள்ளைகளுக்குப் போய்ச்சேர்ந்தது. இலங்கைப் பிள்ளைகளுக்கு இன்னும் வரவில்லை.

இன்னொரு உதாரணம் எங்கள் ஊர்ப் பெற்றோருக்காகவே சொல்கிறேன். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் மொடெஸ்டோ என்று ஒரு நகரம். அங்கே 2000ஆம் ஆண்டில் இருந்து ஒன்பதாம் தரப் பிள்ளைகள் எல்லாருக்கும் உலகச் சமயங்கள் கட்டாயப் பாடம். சமயங்களை அவை தோன்றிய கால வரிசையில் படிப்பிக்கிறார்கள், யாருக்கு முதலிடம் என்ற சண்டை வராமல் இருக்க. ஆசிரியர் தன் நம்பிக்கையை வகுப்பில் சொல்லிப் பரப்பக் கூடாது. இதை ஆராய்ந்த இரண்டு ஆய்வாளர்கள் 2006இல் அறிக்கை வெளியிட்டார்கள். மற்றவர்களின் சமய உரிமையை மதிக்கும் மனம் பிள்ளைகளிடம் கூடியிருந்தது. சொந்தச் சமயத்தை விட்டுப் போகும் போக்கு தென்படவில்லை.

இந்தக் கடைசி வரிதான் முக்கியம். ஏனென்றால் இந்தப் பேச்சை எடுத்தவுடன் எங்கள் பக்கம் வரும் முதல் பதில், "புள்ளைகள்ர ஈமானுக்கு என்ன நடக்கும்?" என்பது. அந்தப் பயத்தை நான் கிண்டல் செய்ய மாட்டேன். பெற்றோர் ஒருவர் அப்படிக் கேட்க உரிமை உள்ளவர். நோர்வேயில் கிறிஸ்தவத்தை மையமாக வைத்து எல்லாச் சமயமும் சேர்த்து ஒரு பாடம் கட்டாயமாக்கினார்கள். பெற்றோர் சிலர் வழக்குப் போட்டார்கள், 2007இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் பெற்றோர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 'எல்லாச் சமயமும்' என்று பெயர் வைத்துவிட்டு ஒன்றைத் தலையில் கட்டுவது எங்கேயும் நடக்கலாம். இலங்கையில் நடக்காது என்று நான் கையெழுத்துப் போட்டுத் தர முடியாது. அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுக்கும் நாட்டில் கொழும்பில் இருந்து வரும் 'பொதுப் பாடநூல்' எப்படி இருக்கும் என்று எங்களுக்கு யூகிக்கத் தெரியும்.

ஆனால் பயப்படுகிறவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். எங்கள் பிள்ளைகள் இப்போது மற்றச் சமயத்தைப் பற்றி ஒன்றுமே கேட்காமலா இருக்கிறார்கள்? எண்பதுகளில் அஹமத் தீதாத்தின் வீடியோக் கசட். பிறகு தமிழ்நாட்டில் இருந்து வந்த விவாத சீடீக்கள். பிறகு ஸாகிர் நாயக். இப்போது கைபேசி. ஓ.எல் எழுதும் ஒரு பொடியனிடம் பைபிளைப் பற்றிக் கேளுங்கள். முரண்பாடு என்று ஐந்து வசனம் எண்ணோடு சொல்வான். இயேசுவின் மலைப்பிரசங்கம் என்று ஒன்று உண்டா என்று கேட்டால் தெரியாது. விவாதத்தில் வெல்லத் தேவையான அளவுக்கு மட்டும் மற்றவனின் வேதம் தெரிந்திருக்கிறது. அந்தப் பக்கத்திலும் துண்டுப்பிரசுரத்தில் இருக்கும் இஸ்லாம் அதே தரம்தான். இதுதான் இன்றைக்கு எங்கள் கரையில் நடக்கும் 'உலகச் சமயங்கள்' பாடம். பாடத்திட்டம் இல்லை, ஆசிரியர் இல்லை, கட்டணமும் இல்லை.

இஸ்லாமிய மரபில் இதற்கு மேலான முன்னோடிகள் இருக்கிறார்கள். ஏறத்தாழ 1030இல் அல்பிரூனி இந்தியாவைப் பற்றி எழுதிய நூலை எடுத்துப் பாருங்கள். சமஸ்கிருதம் படித்து, பண்டிதர்களிடம் கேட்டு, அவர்கள் என்ன நம்புகிறார்கள் என்பதை அவர்கள் சொல்லும் விதத்திலேயே எழுத வேண்டும் என்று உட்கார்ந்தவர். மறுத்துரைப்பது தன் நோக்கமல்ல என்று முதலிலேயே தெளிவாக்கிவிட்டார். அடுத்த நூற்றாண்டில் ஷஹ்ரஸ்தானி சமயங்களையும் பிரிவுகளையும் வகைப்படுத்தி ஒரு பெரிய நூல் எழுதினார். இருவருக்கும் ஈமான் போகவில்லை. இதே இரண்டு பெயர்களும் எங்கள் பிள்ளைகளுக்கு இஸ்லாமிய நாகரிகத்தின் பெருமைப் பட்டியலில் வரும். அவர்கள் செய்த வேலை மட்டும் வகுப்பறைக்கு வராது.

நாவலரும் அப்படித்தான். மிஷன் எதிர்ப்பின் முகமாக நிற்கும் அவர், அதற்கு முன் பெர்சிவல் பாதிரியாரோடு உட்கார்ந்து பைபிளைத் தமிழாக்கம் செய்ய உழைத்தவர். எதிராளியின் புத்தகத்தை வரி வரியாகத் தெரிந்துகொண்டுதான் எதிர்த்தார்.

*

சரி, என்ன படிப்பிப்பது? ஐந்து சமயத்தின் கோட்பாட்டையும் அட்டவணை போட்டு மனப்பாடம் செய்ய வைத்தால் அது இன்னொரு ஓ.எல் பாடமாகிவிடும். ஊரில் இருந்து தொடங்கினால் போதும் என்று நினைக்கிறேன்.

கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஷாஹுல் ஹமீது வலியுல்லாவின் பெயரில் வருடா வருடம் கொடியேற்றம் நடக்கிறது. 12 நாள், முடிவில் கந்தூரி. தமிழ் ஆட்களும் வந்து நேர்ச்சை வைப்பதை நான் பார்த்திருக்கிறேன். அதே ஊரில் அதைக் கூடாது என்று சொல்லும் முஸ்லிம்களும் இருக்கிறார்கள். ஒரு சமயத்துக்குள்ளேயே இரண்டு கருத்து எப்படி இருக்கிறது என்பதைத் தமிழ்ப் பிள்ளையும் படிக்க வேண்டும், எங்கள் பிள்ளையும் படிக்க வேண்டும். காரைதீவு கண்ணகை அம்மன் கோயிலில் வைகாசியில் திருக்குளிர்த்தி. அந்தக் கண்ணகியைச் சிங்கள மக்கள் பத்தினி தெய்யோ என்று கும்பிடுகிறார்கள். கஜபாகு அரசன் கொண்டுவந்தான் என்பது மரபு. அவள் கதையை எழுதிய இளங்கோ சமணத் துறவி என்கிறார்கள். ஒரு கோயிலை வைத்து சமணம், சைவம், பௌத்தம் மூன்றையும் தொட்டுவிடலாம். பாண்டிருப்பில் திரௌபதை அம்மன் தீமிதிப்பு இருக்கிறது, பாரதக் கதையை அங்கே தொடங்கலாம்.

குடி வழமையை விட்டுவிடக் கூடாது. மட்டக்களப்பு, அம்பாறைக் கரையில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் தாய் வழியில் குடி. பொம்பிளைக்கு வீடு கட்டிக் கொடுத்து மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருக்கும் வழக்கமும் இரண்டு பக்கமும் ஒன்று. கோயில் நிர்வாகத்தில் குடிக்கு ஒரு வண்ணக்கர் என்றால், பள்ளிவாசல் நிர்வாகத்தில் குடிக்கு ஒரு மரைக்கார். டெனிஸ் மெக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1969இல் இருந்து அக்கரைப்பற்றில் வந்து தங்கி இதை ஆராய்ந்து, 2008இல் பெரிய புத்தகமாக எழுதியிருக்கிறார். அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறார்கள், அக்கரைப்பற்றுப் பிள்ளை படிப்பதில்லை. 1626இல் போர்த்துக்கேயர் விரட்டிய முஸ்லிம்களைக் கண்டி அரசன் செனரத் இந்தப் பக்கம் குடியமர்த்தியதும் இந்தப் பாடத்தில்தான் உயிர் பெறும். ஒரு பௌத்த அரசன், கத்தோலிக்கப் பேரரசு துரத்திய முஸ்லிம்களைத் தமிழர் வாழ்ந்த நிலத்தில் கொண்டுவந்து வைத்தான்.

காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனம், கல்முனை மெதடிஸ்தப் பாடசாலையிலும் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் படித்து, 1924இல் இராமகிருஷ்ண மடத்துத் துறவியாகி சுவாமி விபுலாநந்தர் ஆனார். மெதடிஸ்தரும் கத்தோலிக்கரும் படிப்பித்த சைவப் பிள்ளை பிறகு நாட்டின் முதல் தமிழ்ப் பேராசிரியர். சாய்ந்தமருதில் இருந்து அவர் பிறந்த வீட்டுக்கு நடந்தே போகலாம்.

உண்மையில் இந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கும் ஒரு பாடவேளை இருக்கிறது. தமிழ்ப் பாடம். பாடத்தெரிவு காலத்துக்குக் காலம் மாறினாலும், எங்கள் பிள்ளைகள் தேவாரமும் கம்பராமாயணமும் அங்கேதான் படிக்கிறார்கள். தமிழ்ப் பிள்ளைகள் சீறாப்புராணத்தைச் சந்திப்பதும் அங்கேதான். வாப்பாமார் யாரும் இதுவரைக்கும் வந்து "கம்பனை ஏன் படிப்பிக்கிறீங்க" என்று கேட்டதில்லை. இலக்கியம் என்று வந்தால் பயமில்லை, சமயம் என்று வந்தால் பயம். நல்ல தமிழாசிரியர் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதிக்கு ஆள் வேண்டும். யார் படிப்பிப்பது என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. சைவத்தை மௌலவி படிப்பிக்கக் கூடாது, இஸ்லாத்தை ஐயர் படிப்பிக்கக் கூடாது. அந்தச் சமயத்தில் வாழ்கிறவர் வந்து சொல்ல வேண்டும்.

எனக்குத் தெரிந்த அண்ணர் ஒருவர், காரைதீவுப் பக்கம் சைவநெறி படிப்பிக்கிறவர். தவணைப் பரீட்சை முடிந்து விடைத்தாள் திருத்தும் கிழமையில், பிள்ளைகள் சும்மா இருக்கும் நேரமாகப் பார்த்து அவரை அழைத்தேன். தரம் 9. ஒரு பாடவேளை. அவர் கையில் ஒன்றும் கொண்டுவரவில்லை, கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

முதல் கேள்வி எதிர்பார்த்ததுதான். "சேர், உங்களுக்கு எத்தனை கடவுள்?"

"ஒண்டுதான் தம்பி."

வகுப்பு சிரித்தது. அவரும் சிரித்தார். சிவம் ஒன்று, வடிவங்கள் பல என்று சைவ சித்தாந்தம் சொல்வதைச் சுருக்கமாகச் சொன்னார். பிள்ளைகள் ஒத்துக்கொள்ளவில்லை, அவர் ஒத்துக்கொள்ளச் சொல்லவும் இல்லை. பிறகு, "இப்ப நான் ஒண்டு கேக்கிறன்" என்று தொடங்கினார். "நோன்பு பிடிச்சா எச்சில் விழுங்கலாமோ? என்ர பக்கத்து மேசை டீச்சர் விழுங்கிறா. எனக்குக் கனகாலச் சந்தேகம்."

அவ்வளவுதான். "ஏலும் சேர்", "ஏலாது சேர்", "சளி எண்டா ஏலாது, எச்சில் எண்டா ஏலும்" என்று மூன்று கட்சியாகப் பிரிந்து எங்கள் பொடியன்கள் தங்களுக்குள்ளேயே அடிபட்டார்கள். இஸ்லாம் பாடத்தில் வாய் திறக்காத ஒருத்தன் எழும்பி ஆதாரம் சொன்னான். அண்ணர் எனக்குக் கண் காட்டினார். சொந்தச் சமயத்தை மற்றவனுக்கு விளங்கப்படுத்த வேண்டி வரும்போதுதான் பிள்ளை அதை ஒழுங்காகப் படிக்கிறது. அடுத்த முறை நான் அவருடைய வகுப்புக்குப் போனேன். அங்கே எனக்கு வந்த கேள்விகளைத் தனிப் பதிவாக எழுத வேண்டும். ஒன்று மட்டும் சொல்கிறேன்: 14 வயதுவரை ஒரு நாளைக்கு ஐந்து முறை பாங்கைக் கேட்ட பிள்ளைகளில் ஒருவருக்கும் அதில் என்ன சொல்கிறார்கள் என்று தெரியாது. இரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்தேன்.

முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா உடுப்பதா, சாரி உடுப்பதா என்று திருகோணமலைப் பாடசாலை ஒன்றில் 2018இல் வெடித்த பிரச்சினை எங்கே போய் நின்றது என்று எல்லாருக்கும் நினைவிருக்கும். உடுப்பைப் பற்றிச் சண்டை பிடித்த இரண்டு பக்கத்துக்கும், ஒருவர் மற்றவர் ஏன் அதை இவ்வளவு பெரிதாக எடுக்கிறார் என்பது விளங்கவில்லை. வளர்ந்தவர்களுக்கு இனிமேல் படிப்பிப்பது கஷ்டம். தரம் 6 பிள்ளைக்கு லேசு.

புதிய பாடநூல் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தேசிய கல்வி நிறுவகம் மஹரகமவில் இருந்து கையேடு அனுப்பும், அதைத் தமிழில் பெயர்க்கும், அச்சடிக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தால் இப்போது தரம் 6இல் இருப்பவன் ஓ.எல் எழுதிவிடுவான். பரீட்சையும் வேண்டாம், புள்ளியும் வேண்டாம். புள்ளி வந்தால் டியூஷன் வரும், டியூஷன் வந்தால் மனப்பாடம் வரும். தவணைக்கு ஒரு பாடவேளை, அடுத்த ஊர்ப் பாடசாலையில் இருந்து ஓர் ஆசிரியர். பெற்றோருக்கு முன்கூட்டிச் சொல்லி, விருப்பமில்லாத பெற்றோரின் பிள்ளையை விட்டுவிடலாம். பள்ளிவாசல் நிர்வாகத்திடமும் கோயில் நிர்வாகத்திடமும் ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் பிறகு கதை கட்டுவதற்கு இடமிருக்காது.

கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், பாண்டிருப்பு அதிபர்மார் இதை வாசித்தால் என் வேண்டுகோள் ஒன்றுதான். அடுத்த வருட நேர அட்டவணை போடும்போது ஒரு கட்டத்தை வெறுமையாக விட்டு, பக்கத்து ஊர் அதிபருக்கு ஒரு கோல் எடுங்கள். உங்கள் பாடசாலையில் இருந்து அவருடைய பாடசாலைக்கு ஆட்டோவுக்குப் பெரிய செலவு வராது.